ஆமுன் வைக்கும் அடி

1

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். லிபியர்கள் எகிப்தை ஆண்ட காலத்தில், தீப்ஸ் நகரத்து ஆமுன் சாமியை மரப்படகில் ஏற்றி, படகை நீண்ட கழிகளில் தாங்கிப் பூசாரிகள் தோளில் சுமப்பார்கள். வழக்கைச் சொன்னால் படகு முன்னே நகரும்: ஆம். பின்னே நகரும்: இல்லை. இதைப் படித்ததும், அந்தக் கழிக்குக் கீழே ஓர் ஆளை நிறுத்திப் பார்க்க ஆசை வந்தது.

2

'நைல் நதிமேல் சூரியன் தன் பொற்…' வேண்டாம். நேராகப் பாமியுவிடம் போவோம். முன்வரிசையில் சுமக்கும் பூசாரி. இன்றைய வழக்கு அவன் தங்கை தாமுத்துடையது: ஒரு கிணறு யாருடையது என்று. கிணற்றைத் தோண்டியது தன் அப்பா என்கிறாள் அவள். தன் தாத்தா என்கிறான் லிபியப் படைத்தலைவன் நம்லோத். சாட்சி ஒருவரும் உயிரோடில்லை. கிணறு போனால் அவள் பேரீச்சந்தோட்டம் காய்ந்துவிடும்.

“அண்ணே, முன்னால ஒரே ஒரு அடி. நீ வச்சா மத்தவங்களும் வச்சுதானே ஆகணும்?”

“அது சாமி வைக்கிற அடி தாமுத். என்னுது இல்ல.”

“வலிக்குது, எண்ணெய் தேய்ச்சு விடுன்னு கேக்கறப்ப மட்டும் அது உன் தோளாக்கும்!”

3

(இங்கே கொஞ்சம் விளக்காமல் இருக்க முடியவில்லை. பாரம் விழாமலிருக்க, ஒருவர் சாய்ந்தால் அடுத்தவர் உடனே ஈடு கொடுப்பார். முன்னால் ஒருவன் துளி சாய்ந்தால் போதும். அது கழி வழியே பின்வரிசைக்குப் போய், உந்துதலாகத் திரும்பி வரும். சாய்ந்தவனே பிறர் தள்ளியதாக நினைப்பான். ஒருவரும் பொய் சொல்வதில்லை.)

4

நம்லோத்தை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். 'கண்கள் சிவக்க அவன்…' அடித்துவிட்டேன். ஆள் அதற்குப் பொருந்தவில்லை.

“இறகு மாமா வந்துட்டாரு,” பாமியுவுக்குப் பின்னால் நின்ற பூசாரி முணுமுணுத்தான். “பின்னாடி போனா நமக்கு பீர். முன்னாடி போனா உதை.”

நம்லோத் தலையில் செருகியிருந்த இறகு மண்ணில் படக் குப்புற விழுந்தான்.

“சாமி, எங்க தாத்தா பொய் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடு. அடுத்தவங்க தண்ணிய என் புள்ளைங்க குடிக்க வேணாம்.”

 நம்லோத் மிரட்ட வருவான் என்றிருந்தான் பாமியு. இவனோ நம்பி வந்திருக்கிறான்.

தாமுத் கேட்டாள்: “ஆமுனே, அது எங்க அப்பா தோண்டின கிணறுதானே?”

5

படகு முன்னே போனால் தோட்டம் பிழைக்கும். நம்லோத் மறுபேச்சில்லாமல் விலகுவான். பாமியுவால் இனி எந்த அடியையும் சாமியுடையது என்று நம்ப முடியாது. பின்னே போனால் தங்கை அவன் வாசலை மிதிக்கமாட்டாள். அசையாமல் நிற்கட்டுமே என்றும் எழுதிப் பார்த்தேன்; அவ்வளவு பாரத்தோடு அசையாமல் நிற்க மனிதரால் ஆகாது.

இதோ, கழி தோளில் அழுத்துகிறது. பாமியு இன்னும் ஒன்றும் செய்யவில்லை. நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

சற்றே முன்னால் சாய்ந்தது நீங்களா?