சித்தி பக்கத்து பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டப் பழகுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில். இந்த இரண்டாவது பிரேக்கில் சித்திக்குத் தனிக் கைராசி, இல்லை, கால்ராசி. பழகுகிறவருக்கே தெரியாமல் பூப்போல அழுத்துவாள். தானே நிறுத்தியதாக அவர் நினைத்துக்கொள்வார், நம்பிக்கை வரும், டெஸ்ட்டில் பாஸாவார். அந்த ஸ்கூலில் அவளிடம் பழகத்தான் கூட்டம் அலைமோதும்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில் அக்கா மகனின் கட்டிலருகே நிற்கிறாள். அவளிடமே பழகி லைசென்ஸ் வாங்கிய பையன். பதினெட்டு வயது. தோள்பட்டை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. சனிக்கிழமை நண்பன் வீட்டு விருந்தில் குடித்துவிட்டுக் காரை எடுத்தவன், திருப்பத்தில் பாலத்துச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி அங்கேயே செத்துப்போனான். எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுகிற பிள்ளை என்பதால் அந்தக் கூட்டாளியை எல்லோரும் வக்கீல் என்றே கூப்பிடுவார்கள். நேற்று அடக்கம் முடிந்தது. சித்தி போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். யாரும் தின்னாத சுளைகள் தட்டில் சேர்ந்துகொண்டே போயின.

"குடிச்சதால ஆகல சித்தி," என்றான் பையன், விட்டத்தைப் பார்த்தபடி. "எதிர்ல வந்த லாரி லைட்டு கண்ணுல அடிச்சுது. அவ்வளவுதான்."

"ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரே."

"இருந்தா என்ன? குடிச்சாலும் எனக்குக் கை நிக்கும். வக்கீல்கூட வேணாம்னான். வாடகை வண்டி கூப்பிடுவோம்னு ஒரே பிடிவாதம். அவன்கிட்ட, நான் குடிச்சுட்டு ஓட்டிப் பாத்திருக்கேன்டா, சித்தியே நல்லா ஓட்டினேன்னு சொன்னாங்கன்னேன். அப்புறம்தான் ஏறினான்."

எந்த நாளைச் சொல்கிறான் என்று சித்திக்குத் தெரியும். டெஸ்ட்டுக்கு முந்தின நாள், கடைசி வகுப்பு. வண்டியில் ஏறியதுமே பீர் வாடை. ஊரை ஏமாற்ற சூயிங்கம் வேறு மென்றுகொண்டிருந்தான். இறக்கிவிட்டிருக்க வேண்டும். காதைத் திருகி அக்காவிடம் இழுத்துப் போயிருக்க வேண்டும். அவள் செய்ததெல்லாம் தன் பக்கத்து பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டதுதான். சிக்னலில், பள்ளிக்கூட வாசலில், சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தபோது, எல்லா இடத்திலும் வண்டியை நிறுத்தியது அவள் கால். வகுப்பு முடிந்ததும், பிள்ளை மனசு உடையக்கூடாதே என்று, "நல்லா ஓட்டினடா" என்று வேறு சொல்லித் தொலைத்தாள்.

இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தோள் கூடிவிடும். அப்புறம் என்றாவது ஒருநாள், எவன் காரையாவது குடித்துவிட்டு எடுப்பான், இன்னொருவனை ஏற்றிக்கொள்வான். சொன்னாலோ, இரண்டடி தள்ளி அக்கா இருக்கிறாள். உடன்பிறந்தவள் என்று சித்திக்கு இருப்பது அந்த ஒருத்திதான்.

"அன்னைக்கு நீ ஓட்டல," என்றாள் சித்தி. தன் குரல் பக்கத்து வார்டிலிருந்து வருவது போல இருந்தது.

"என்னைக்கு?"

"நீ குடிச்சுட்டு கிளாஸுக்கு வந்த அன்னைக்கு. ஒவ்வொரு இடத்துலயும் பிரேக் போட்டது நான். உனக்குத் தெரியாம போட்டேன். போடலன்னா அந்த சைக்கிள்காரர் மேல ஏத்தியிருப்ப. உன் கால் பிரேக்குக்குப் போகவே இல்ல."

பையன் மெல்லத் திரும்பினான். "நல்லா ஓட்டினேன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"நான் வக்கீல்கிட்ட..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. நல்ல கையால் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டான். உள்ளே மூச்சு முட்டி முட்டி வெளியே வந்தது. விபத்துக்கு அப்புறம் அவன் அழுவது அதுதான் முதல் தடவை. சித்தி அவன் தலையைத் தொடப் போனாள்; கை எழவில்லை.

அக்கா ஆரஞ்சை வைத்துவிட்டு விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிச்சிருக்கான்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"மறுநாள் டெஸ்ட்டுக்கா."

 அக்கா தலையை ஆட்டினாள்.

"ஆமா," என்றாள். "பாஸாயிட்டான்ல."