பதினோரு விநாடி

டெபோராவின் கையில் ஒரு சாட்சி கிடைத்தால் போதும், கல்நெஞ்சக்காரனும் கர்ச்சீப்பைத் தேடுவான். சேலையூர் கேம்ப் ரோட்டில் பாத்திரக்கடை மாடியில் நடக்கிறது அவள் போகும் சபை. ஞாயிறு ஆராதனையில் யாராவது எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வார்கள். அவர்களை மறுபடி கேமரா முன் உட்கார வைத்து, சபையின் யூடியூப் சேனலில் ஏற்றுவது அவள் வேலை.

நம் சனங்கள் சாட்சி சொல்லும் லட்சணம் தெரியாதா? கல்யாணத்தில் ஆரம்பிப்பார்கள், நாத்தனாரை இழுப்பார்கள், நடுவில் பஸ் நம்பர் சொல்வார்கள். ஆண்டவர் வந்து சேர்வதற்குள் பார்க்கிறவன் வேறு வீடியோவுக்குப் போயிருப்பான். டெபோரா விளம்பரக் கம்பெனியில் எழுதிப் பழகியவள். முதல் வரியிலேயே ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும், நடுவில் படுகுழி, முடிவில் வெளிச்சம் என்பாள். அதற்குள் அடங்காததை வெட்டிவிடுவாள். பாஸ்டர் சுந்தர்சிங்குக்கு அவளை நினைத்து ஏகப் பெருமை.

ஹில்டா படப்பையில் நர்சரி டீச்சர். பத்து வயதிலிருந்து வலிப்பு. ஆறு மாதமாக ஒருமுறைகூட வரவில்லை என்று சபையில் சொன்னாள். கேமரா முன் உட்கார்ந்ததும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆண்டவர், கணவன் ஜெபசீலன், டாக்டரம்மா, தினமும் போடும் மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னாள். அதில் டாக்டரும் மாத்திரையும் வந்த இடம் பதினோரு விநாடி. டெபோரா அதை எடுத்துவிட்டாள். பொய் ஒன்றும் சேர்க்கவில்லையே என்று பிறகு பலமுறை தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அன்றைக்கு அந்தச் சமாதானம்கூடத் தேவைப்படவில்லை. டீ ஆறுவதற்குள் வெட்டி முடித்திருந்தாள்.

வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன்பிறகு பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காக ஜெபியுங்கள் என்றார்கள். வீட்டுக்கும் ஓயாமல் ஆட்கள் வந்தார்கள். ஒரு நாள் அவள் டெபோராவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எல்லாரும் எனக்கு முழுசா சரியாயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. மாத்திரை போடவே கூச்சமா இருக்கு. நான் பேசினதைத் திரும்பச் சேர்க்க முடியுமா?"

சேர்ப்பதென்றால் இந்த வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், பார்த்தவர்கள் எண்ணிக்கையெல்லாம் போய்விடும் என்றாள் டெபோரா. யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தையும் சொன்னாள். கேட்கவில்லை.

நாலு லட்சம் பேர் நம்பியதை ஹில்டாவும் நம்பத் தொடங்கினாளா, இல்லை வெட்கம்தானா, யாருக்குத் தெரியும்? மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. ஜெபசீலன் கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் இரண்டு மாத மாத்திரைகள் பிரிக்காமல் இருந்தன.

அடக்கம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, வீடியோவுக்குக் கீழே எழுதத் தொடங்கிவிட்டார்கள். பொய்ச் சாட்சி சொன்னாள், ஆண்டவர் சும்மா விடுவாரா என்று ஒருவர். ஆமென் என்று நூறு பேர். பாஸ்டர் சத்தமில்லாமல் வீடியோவை எடுக்கச் சொன்னார். அதுவே வினையானது; பொய் என்பதால்தான் தூக்கிவிட்டார்கள் என்று சபையிலேயே பேசினார்கள். டெபோரா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முதலில் தன் பெயர்தான் வரும் என்ற பயம்.

அடுத்த வாரம் ஜெபசீலன் மாடிப்படி ஏறி வந்தான். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை; சட்டையில் பொறி பட்ட ஓட்டைகள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வெட்டாத வீடியோ வேணும் சிஸ்டர்."

"நான்தான் வெட்டினேன்," என்றாள் டெபோரா.

"தெரியும். வீடியோவைப் பாத்த அன்னிக்கே ஹில்டா சொன்னா. என் பொண்ணுக்கு நாலு வயசு. நாளைக்கு யாராவது உங்கம்மா பொய் சொல்லி செத்தாங்கன்னு சொல்லுவாங்க. அப்போ அவகிட்ட காட்டணும்."

டெபோரா கம்ப்யூட்டரில் தேடினாள். இல்லை என்று தெரிந்துதான் தேடினாள். வாராவாரம் கம்ப்யூட்டரிலும் பழைய பதிவை அழித்துவிட்டு அதே மெமரி கார்டில் புதிதாக எடுப்பது அவள் வழக்கம். அழிந்துவிட்டது என்று சொன்னபோது அவன் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன் தன் போனை எடுத்து அவள் முன் நீட்டினான். "நீங்க கேட்டீங்கல்ல. அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க. பதிஞ்சுக்கிறேன்."

டெபோரா கண்ணை மூடினாள். ஹில்டாவின் முகம் வந்தது, வேர்வை வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. "ஆண்டவர் மருத்துவரின் கரங்களைக் கொண்டு என்னைத் தாங்கினார்," என்று ஆரம்பித்தாள்.

ஜெபசீலன் பதிவை நிறுத்தினான். "அவ இப்படிப் பேசமாட்டா சிஸ்டர்."

திரும்பவும் முயன்றாள். வெட்டுவதற்காகக் காதில் வாங்கினாளே தவிர, ஹில்டா என்ன சொன்னாள் என்று கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் புரிந்தது. அழுகையோடு மூன்றாவது முறையும் சொல்லிப் பார்த்தாள். முதல் இரண்டையும்விட அது உருக்கமாக இருந்தது. ஜெபசீலன் அதையும் அழித்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.