இரண்டு கார்டு, ஓர் ஊர்

பிப்ரவரி 9. இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். அண்ணனின் இரண்டு மெமரி கார்டுகளிலும் ஒரே பெயரில் ஃபோல்டர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நோட்டில் இதை எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்று, அண்ணனின் கையடக்க விளையாட்டுக் கருவியில் முப்பத்தோராவது வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் அண்ணி வைத்துவிட்டுப் போன வெந்நீர் கொதித்துப் பாதியாகிவிட்டது.

"ரிஜிஸ்டர்!" உள்ளறையிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். எதையும் நோட்டில் எழுதிவைக்கும் தங்கைக்கு அவன் வைத்த பெயர் அது. "இன்னைக்காவது... குடுப்பியா மாட்டியா?"

இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அவனுக்கு மூச்சு வாங்கியது.

அவன் லிப்ட் மெக்கானிக். மாற்றுப் பாகம் வரும்வரை மொட்டைமாடி இயந்திர அறைகளில் காத்துக் கிடந்த ஆறு வருடங்களில், அந்தச் சின்னத் திரைக்குள் ஓர் ஊரைக் கட்டி எழுப்பியிருந்தான். ஆறு, இரண்டு பாலம், ரயில் நிலையம், நாற்பத்தெட்டாயிரம் ஜனம். ஒரு கார்டில் ஊர் இருந்தது, இன்னொன்றில் மற்ற ஆட்டங்கள். நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு கார்டை மாற்றிப் போடுவது பெரும்பாடாகிவிட்டது. விரல் நகம் அளவுள்ள கார்டு நடுங்கும் கையிலிருந்து நழுவிப் போர்வைக்குள் போய்விடும். அண்ணி போர்வையை உதறி உதறித் தேடுவாள்.

"ரெண்டையும் ஒரே பெரிய கார்டுல போட்டுக் குடேன். கம்ப்யூட்டர் க்ளாஸ் போறியே, எதுக்குத்தான் போற?" என்று அவன்தான் கேட்டான்.

அவள் பட்டியல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கார்டு ஏறியது. இரண்டாவதை ஏற்றும்போது, இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்து 'ஆம்' என்றாள். ஊர் இருந்த இடத்தில் மற்ற ஆட்டங்கள் வந்து உட்கார்ந்தன. அதோடு நின்றிருந்தாலாவது பழைய கார்டில் ஊர் பிழைத்திருக்கும். எந்த வேலையையும் அரைகுறையாக விடக்கூடாது என்று, சின்னக் கார்டுகள் இரண்டையும் துடைத்து அழித்து, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் வகுப்புப் பாடங்களை அவற்றில் நிரப்பிவைத்தாள்.

"அழிச்சதோட விட்டிருந்தாக்கூட தோண்டி எடுத்திருக்கலாம்மா. அதுமேலயே வேற எழுதிட்டியே," என்றார் செல்போன் பழுதுபார்ப்பவர். கார்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தினமும் வாயில் வந்தது, "கார்டு இன்னும் ரெடியாகலைண்ணா" என்பதுதான். பிறகு, அவனுக்குத் தெரியாமல் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தாள். ஆறு வருட ஊரைப் பன்னிரண்டு நாளில்.

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் கையை நீட்டியபடியே இருந்தான். கொடுத்தாள்.

வெகுநேரம் பார்த்தான்.

"என்ன... ஊரே காலியாக் கெடக்கு? வெள்ளம் கிள்ளம் வந்துச்சா?"

"கார்டு மாத்துனதுல... கொஞ்சம்..."

"கொஞ்சமா?" திரையைப் படித்தான். "இருநூத்திப் பன்னெண்டு பேரு. பாக்கிப் பேரெல்லாம்... எங்க போனாங்க?"

திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். இப்போது சொல்லியிருக்கலாம். அதற்குள் வெந்நீர்க் குவளையோடு அண்ணி நுழைந்தாள்.

"வந்துருச்சா? காட்டுங்க, நானும் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

அவன் திரையைத் தன் மார்போடு கவிழ்த்துக்கொண்டான். "ஊருக்குள்ள வர்றதுன்னா... தலையாவது வாரிட்டு வா. இப்படியேவா வருவ?"

"ஆமா, உங்க ஊரு ஜனமெல்லாம் எனக்காகத்தான் மாலையோட நிக்குது." அண்ணி சிரித்துக்கொண்டே குவளையை வைத்துவிட்டுப் போனாள்.

"நீயும் வெளிய இரு," என்றான் தங்கையிடம். குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே பொத்தான்கள் அழுந்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தி நிறுத்திக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்து நோட்டைத் திறந்தாள். 'அண்ணன் ஊரைப் பார்த்தான். திட்டவில்லை' என்று எழுதி முடிப்பதற்குள் உள்ளே அண்ணியின் குரல் கேட்டது.

"ஏங்க." சாப்பிட எழுப்புகிற அதே குரல். "ஏங்க. தலை வாரிட்டேன், பாருங்க. ஏங்க."

மூன்றாம் நாள் சாயங்காலம் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இரவல் நாற்காலிகளும் போய்விட்டன. அண்ணி கட்டிலின் ஓரத்தில், அவன் படுத்திருந்த பக்கத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஊரு இருக்குல்ல," என்றாள். "எப்படி உள்ள போறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு. எதையும் தொட மாட்டேன். அவர் போட்ட ரோட்டுல சும்மா நடந்துட்டு வரேன்."

"சார்ஜ் இல்ல அண்ணி. நாளைக்கு."

"நாளைக்கே சரி. அது எங்க போயிடப் போகுது?"

தங்கை கருவியைச் சமையலறைக்கு எடுத்துப்போய்த் திறந்தாள். வீடுகள் இல்லை. முப்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை. ஜனத்தொகை பூஜ்யம். பச்சை நிலம் மட்டும் விளிம்புவரை கிடந்தது.

ஓர் ஊரை அழிக்க வேண்டுமென்றால் அந்த ஆட்டம் மூன்று முறை கேட்கும். மூன்று முறையும் அம்புக்குறி 'இல்லை' என்பதன்மேல்தான் நிற்கும். நகர்த்தித்தான் 'ஆம்' என்று அழுத்த வேண்டும். கை நடுங்கி நடந்திருக்க வழியில்லை. நிலத்தின் நடுவில் நான்கு கட்ட நீளத்துக்குப் புதிதாக ஒரு சாலை இருந்தது. அதற்குமேல் போகவில்லை.

நோட்டை எடுத்து 'அண்ணன் அழித்ததற்குக் காரணங்கள்' என்று எழுதினாள். கீழே ஒன்று என்று எண் போட்டாள். பேனா அங்கேயே நின்றது. உள்ளறையில் அண்ணி தலையணை உறையைக் கழற்றுவதும், மடிப்பதும், மறுபடி மாட்டுவதும் கேட்டது.

பக்கத்தைத் திருப்பினாள்.

பிப்ரவரி 24. நாளை ஒன்பது மணிக்கு அண்ணனின் சீருடை இரண்டையும் கட்டடச் சாவிகளையும் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், அண்ணி எழுந்ததும், கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.