விளக்குக்குச் சொன்ன செய்தி

"ஹெர்ரிங் மீன் பிரமாதம்!" என்று மிஸ் பார்லோ கூரை விளக்கைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். மீன் இன்னும் சமையலறையில்தான் இருந்தது. எங்கள் லெனின்கிராட் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லாரும் இப்படித்தான். அரசாங்கம் வைத்த ஒட்டுக்கேட்கும் கருவி விளக்கில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. இருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதனால் வாய் மீனைப் பற்றிப் பேசும், கை விஷயத்தை எழுதும். எழுதுவதற்குக் குழந்தைகளின் விளையாட்டுப் பலகை ஒன்று வைத்திருந்தோம். மேல்தாளைத் தூக்கினால் எழுதியதெல்லாம் மறைந்துவிடும்.

யூதர்களான நாங்கள் இஸ்ரேலுக்குப் போக அனுமதி கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. மகள் இன்னா முன்னாலேயே அங்கே ஹைஃபா நகருக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்கு ஒரு பையன் பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். நாங்கள் அவனைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம். என் கணவன் நாவூம் தொழிற்சாலையில் குளிர்பெட்டிக் கதவுக்கு ரப்பர் வைத்தவன். அது ராணுவ ரகசியமாம், அதனால் எங்களை வெளியே விட முடியாதாம். விண்ணப்பம் போட்டதும் வேலையும் போயிற்று. இப்போது ஒரு கொதிகலன் அறையில் கரி அள்ளுகிறான்.

மிஸ் பார்லோ அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேலை பார்ப்பவள். பலகையை எங்கள் பக்கம் திருப்பினாள். 'எங்கள் செனட்டர் வியாழக்கிழமை மாஸ்கோவில் உங்களுக்காகக் கேட்கப் போகிறார். அதுவரை மூச்சுவிடாதீர்கள்.'

"இந்த வியாழக்கிழமையா!" என்று நாவூம் கத்திவிட்டான்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. எனக்கு அவனை மொத்த வேண்டும் போலிருந்தது.

"ஆமா, வியாழக்கிழமைதான்," என்றேன் விளக்கைப் பார்த்து. "நாடு பூரா கேன்டீன்ல அன்னிக்கு மீன்தானே போடறான்? என்னமோ புதுசாக் கேட்ட மாதிரி கத்துறே."

"மறந்தே போச்சு ரீவா. எனக்கு மீன்னா உயிராச்சே," என்றான். மீன் வாடை வந்தாலே ஜன்னலைத் திறக்கிற ஆள்.

அவள் போன பிறகு பலகையில் எழுதிக் காட்டினான்: 'கெடுத்துட்டேனா?' கெடுத்துவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் தட்டு கழுவும்போது வேறு மாதிரி தோன்றியது. விருந்தாளி முன்னால் திருதிருவென்று விழிக்க யாருக்குத்தான் பிடிக்கும்? கேள்வி வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அதிகாரிகள் நல்ல பதிலாகத் தயார்செய்து வைக்க மாட்டார்களா?

ஈரக் கையோடு விளக்கின் கீழ் போய் நின்றேன்.

"நாவூம், வியாழக்கிழமை ஒரு அமெரிக்க செனட்டர் நம்மளப் பத்திக் கேக்கப்போறாராம். குளிர்பெட்டி ரப்பர்தான் ராணுவ ரகசியம்னு அந்த மனுஷன்கிட்ட நம்ம பெரியவங்க எந்த மூஞ்சிய வச்சுகிட்டு சொல்லப்போறாங்க? நெனச்சா எனக்கே கூச்சமா இருக்கு."

நாவூம் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். என் முகத்தைப் பார்த்தான். பலகையை மெதுவாகச் சோபாவில் வைத்தான்.

"பத்திரிகைக்காரங்க வேற கூட வர்றாங்களாம் ரீவா," என்றான், கொஞ்சமும் கூசாமல். "போட்டோல்லாம் எடுப்பாங்க."

"ஐயோ, பாவம்!" என்றேன். சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேரும் குளியலறைக்கு ஓடினோம்.

புதன்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது. விண்ணப்பம் போட்ட மாதமே அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதன்மேல் நான் பூத்தொட்டி வைத்திருந்தேன். தொட்டியை இறக்கிவிட்டு எடுத்தேன்.

"விசா ஆபீஸ்லேருந்து பேசறோம். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் வாங்க."

"எதுக்குங்க?"

"வாங்க, சொல்றோம்." கொஞ்சம் யோசித்து, "போட்டோ எடுத்துட்டு வாங்க," என்றது குரல்.

"மாட்டேன்னு சொல்றதுக்கு எவனாவது போட்டோ கேப்பானா?" என்று நாவூம் அறை நடுவில் குதித்தான். கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினாள்.

நான் அலமாரியிலிருந்து என் கம்பளிக் கோட்டை எடுத்தேன். ஹைஃபாவில் இதற்கு வேலையே இல்லை. யாருக்காவது கொடுத்துவிடலாம். போக விடாவிட்டால் இந்தப் பனிக்கு எனக்கு வேறு கோட்டு கிடையாது. ஒரு கையை அதில் நுழைத்தபடி, மறு கை வெளியே தொங்க, அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.