நாலு படுக்கை வேன்

என் தம்பி சயன்ஸ் வாத்தியார். எதையும் நேராகச் சொல்லித் தொலைக்க மாட்டான். முதலில் ஒரு கேள்வி கேட்பான், பிறகு பதிலையும் அவனே சொல்லுவான். போன வருஷம் ஒரு நாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எரிமலையைப் புஸ்தகத்துல படிச்சா போதுமா, போய்ப் பாக்கணுமா?" என்று கேட்டான்.

"மொதல்ல சோத்தப் பாரு, ஆறுது" என்றேன்.

அந்த வாரமே முடிவாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, வீடும் கிடையாது. ஒரு பழைய வேன் வாங்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மலை, பாலைவனம், கடல் என்று ஒவ்வொன்றாக நேரில் காட்டிப் படிக்க வைப்பது. அவன் மனைவிக்குக் கம்ப்யூட்டரில் வேலை. எங்கே உட்கார்ந்தும் செய்துகொள்ளலாம்.

பைத்தியக்காரத்தனம் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆனால் சில நாளில் அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. நான் ஜன்மத்தில் எங்கேயும் போனதில்லை. கல்யாணப் பேச்சு வந்த வேகத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு தம்பி வீடு, அதை விட்டால் பட்டறை. பை தைக்கிற பட்டறை. ஊர் சுற்றுகிறவர்களுக்கெல்லாம் முதுகில் மாட்டிக்கொள்ளப் பை தைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் அதே வீட்டுக்குத் திரும்பி வருகிற ஆள் நான். எனக்கும் ஒரு எரிமலை பார்த்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

பட்டறையில் மிஞ்சிய கெட்டித் துணியை வாங்கிவந்து பைகள் தைத்தேன். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, உள்ளே குறுக்கும் மறுக்குமாக இன்னும் இரண்டு தையல். கல்லை நிரப்பித் தூக்கினாலும் பிய்யாது. பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவனுக்குப் பச்சை, புருஷன் பெண்டாட்டிக்குச் சாம்பல். எனக்குப் பழுப்பு, அழுக்கு தெரியாது பாருங்கள்.

சின்னவனுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். ஆறு வயது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து என் பக்கத்தில்தான் படுக்கை. என் முந்தானையை ஒரு விரலில் சுற்றிக்கொள்ளாமல் கண் மூட மாட்டான்.

தம்பி வாத்தியார் அல்லவா, பயணத்துக்கும் ஒத்திகை வைத்தான். அலமாரிகளைப் பூட்டினான். அவரவர் பையில் இருப்பதுதான் அவரவர் சொத்து. ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, அதிலேயே துணியும் துவைக்க வேண்டும். முன்னறைத் தரையில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டான். வேனில் வரப்போகிற நாலு படுக்கைகளின் சரியான அளவு அது. தினமும் அந்தக் கோட்டுக்குள்தான் எல்லாரும் தூங்க வேண்டும்.

நான் சுண்டெலியின் கட்டத்தில் படுத்தேன். அவன் எப்போதும் என்னோடுதானே படுக்கிறான், ஐந்தாவது கட்டம் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு காலை நீட்டாமல், ஒருக்களித்துப் படுக்கப் பழகினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தம்பி வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவன் மனைவியும் பார்த்தாள்.

வேன் வாசலுக்கு வருவதற்கு முந்தின நாள் பட்டறை வேலையை விட்டேன். சூப்பர்வைசரை நாங்கள் ஊசி என்போம். குத்தாமல் பேசத் தெரியாது. "இந்த வயசுல வேலைய விட்டுட்டு எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"படிக்கப் போறேன்" என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கிளம்புகிற அன்று எல்லாரிடமும் சேர்த்துச் சொல்லலாம் என்று, வேலையை விட்டதைப்பற்றி வீட்டில் பேசவில்லை.

வேன் தயாராகி வாசலில் நின்ற அன்று, வீட்டுக்கு வாடகைக்கு வரப்போகிற பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அறை அறையாகப் பார்த்துவிட்டுச் சமையல்கட்டில் என்னிடம் நின்றாள்.

"நீங்க காலைல எத்தன மணிக்கு எழுந்துப்பீங்க? இவன் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஆர்ப்பாட்டம் பண்ணுவான்."

"அவன் எழுந்தா எனக்கென்னம்மா?"

"இல்ல, உங்க தம்பி சொன்னாரு. அக்கா பின் ரூம்லதான் இருப்பாங்க, குழந்தைங்கன்னா அவங்களுக்கு உயிருன்னு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அதுக்காகத்தான் இந்த வீட்டையே முடிவு பண்ணோம்."

அடப்பாவி! குழாய், மின்விசிறி, பீரோ மாதிரி என்னையும் வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விட்டிருக்கிறான். கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு நேராக வேனுக்குப் போனேன். தம்பியும் அவன் மனைவியும் உள்ளே சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் பழுப்புப் பை கதவோரம் இருந்தது. அதில் இருமல் மருந்து, பஞ்சு, காயத்துக்குக் கட்டும் துணி என்று திணித்து வைத்திருந்தார்கள்.

"என் பையில ஏண்டா இதெல்லாம்?"

"உன் பையா? நீ உபரியா ஒண்ணு தச்சிருக்கேன்னு நெனச்சோம்க்கா."

"அப்ப நான் வரல?"

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். "நீ வர்றேன்னு எப்பக்கா சொன்ன?"

"நீ வராதேன்னு எப்படா சொன்ன? பாய் சுருட்டற மாதிரி ஒடம்பச் சுருட்டிக்கிட்டு அந்தக் கட்டத்துல தெனமும் படுத்தேனே, அப்ப உன் கண்ணு எங்க போச்சு?"

"பையனுக்குப் பழகறதுக்காக நீ படுக்கறேன்னு நெனச்சேன். உனக்குப் பட்டறை வேலை இருக்கு..."

"விட்டுட்டேன்."

எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிறவனுக்கு அன்றைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. அவன் மனைவிதான் பேசினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்ல நான் விருந்தாளி மாதிரிதான் இருக்கேன். என் புள்ளைக்குக் காய்ச்சல்னா அவன் உங்களத்தான் கூப்பிடறான். ஒரு தடவையாவது நாங்க நாலு பேர் மட்டும் இருந்து பாக்கணும் அண்ணி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யாக இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம்.

சுண்டெலிக்கு விஷயம் தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது. அத்தை இல்லாத வேனில் ஏற மாட்டேன் என்று பின்னறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தம்பி கெஞ்சினான், அதட்டினான், எரிமலைப் படம் காட்டினான். அவன் மனைவி அழுதாள். இழுத்துப் பார்த்ததில் அவள் கையைக் கடித்து வைத்தான். கிளம்புகிற நாளும் வந்துவிட்டது. குடிவருகிறவர்களின் சாமான் லாரியும் தெருமுனையில் வந்து நின்றது.

தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, நீ சொன்னாத்தான் கேப்பான். எப்படியாவது அனுப்பி வைக்கா."

எவ்வளவு திமிர் பாருங்கள். என்னை வெட்டிவிடுவதற்குக் கத்தியை என் கையிலேயே கொடுக்கிறான். போடா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என் குழந்தை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். அப்படிப் போனால் இரண்டு வருஷமும் அழுதுகொண்டே இருப்பான்.

உள்ளே போனேன். பெரியவள் தன் சிவப்புப் பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்து என் முந்தானையைப் பிடித்தது.

"அத்தை, நாம ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம்."

"யாருடா உன்னோட இருப்பா? உங்கப்பா என்னையும் வான்னு கெஞ்சினான். நான்தான் வர மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"உன்னாலதான். தெனம் ராத்திரி படுக்கைய நனைக்கற, நான் எழுந்து தொவைக்கணும். ஆறு வயசாச்சு, வெக்கமா இல்ல? நீ போனாத்தான் எனக்கு நிம்மதி."

அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். மற்றவர்கள் எழுவதற்குள் விரிப்பை அலசிக் காயப்போட்டுவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் தலையில் கைவைத்து எத்தனையோ தடவை சத்தியம் செய்திருக்கிறேன். வாசற்படியில் பெரியவள், "ஐயே!" என்று சிரித்தாள். முந்தானையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

சுண்டெலி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அழவில்லை. பச்சைப் பையை எடுத்து மாட்டிக்கொண்டு தானாகவே போய் வேனில் ஏறி, வீட்டைப் பார்க்காத அந்தப் பக்கத்து ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டான். தம்பி என் கையைப் பிடித்து, "பெரிய உபகாரம்க்கா" என்றான். வேன் கிளம்பியதும் நான் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்து தம்பி போன் செய்தான். குரலில் உற்சாகம் தாங்கவில்லை.

"பாலைவனத்துக்கு வந்துட்டோம்க்கா. பெரியவ வாய் ஓயாம கேள்வி கேக்கறா. சின்னவனப் பத்தி நீ கவலையே பட வேணாம். உன் பேரக்கூட எடுக்கல. அவனுக்கு நட்சத்திரத்துல இவ்வளவு ஆர்வம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே! தெனம் ராத்திரி முழிச்சு உக்காந்து வெளியவே பாத்துட்டிருக்கான். படுடான்னாலும் படுக்க மாட்டேங்கறான். பகல்லதான் உக்காந்தபடியே கொஞ்சம் தூங்கறான்."

விடிவதற்குள் நான் அலசிப் போட்ட விரிப்புகள் கண்முன் வந்தன. "நட்சத்திரத்தப் பத்தி ஏதாவது கேட்டானாடா?"

"கேக்கல. பேச்சு கொறஞ்சிடுச்சு. சும்மா பாத்துட்டே இருக்கான்."

"போன அவன்கிட்ட குடு. ஒரு வார்த்த சொல்லணும்."

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"வேணாம்க்கா. இப்பத்தான் உன்ன மறந்துட்டு வர்றான்."