ரேடியோ சாரின் விடுப்பு ஆண்டு

நிலவியல் பேராசிரியர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் ரயிலேறிப் போன மறுநாள், அவருடைய குரல் மட்டும் வழக்கம்போல வகுப்புக்கு வந்து பாடம் நடத்தியது. மேடையில் ஆள் இல்லை. மேசைக்குப் பின்னால், அவர் வாய் இருக்கும் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து அது வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது, போன வகுப்பில் எங்கே விட்டோம் என்று கேட்டது, யாரும் வாயைத் திறப்பதற்குள் தானே பதிலும் சொல்லிவிட்டு வண்டல் படிவுகளைப் பற்றி ஆரம்பித்தது. மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். அவருக்குப் பட்டப்பெயரே ரேடியோ சார் என்பதால் யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. கல்லுக்கும் மாணவனுக்கும் என்ன வித்தியாசம், கல்லைத் தட்டினால் சத்தமாவது வரும் என்கிற அவருடைய பழைய வேடிக்கையையும் அது உரிய இடத்தில் சொல்லிவிட்டு, சிரிப்புக்காகச் சற்று நின்றது.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள், அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்திருந்த இளம் விரிவுரையாளர். அவரிடமே படித்தவள். இந்த ஒரு வருடத்தை ஒழுங்காக ஓட்டிவிட்டால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் பேச ஆரம்பித்தால் அவர் குரல் ஏறியது. அவள் குரலை உயர்த்தினால் அதுவும் உயர்த்தியது. கரும்பலகையில் எழுதிப் பார்த்தாள், மாணவர்கள் காதால் கேட்டதைத்தான் எழுதினார்கள். அவர்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. துறைத்தலைவர் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாடம் நன்றாகத்தானே போகிறது, இதில் உனக்கு என்னம்மா குறை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பேராசிரியருக்கோ ரயிலில் டீ கேட்க வாயைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காற்று வந்தது, பேச்சு வரவில்லை. போய்ச் சேர்ந்த துறைமுக நகரத்தில் ஒரு மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார். அவரை அழைத்திருந்த பல்கலைக்கழகம் அவருடைய மௌனத்தை ஆழம் என்று எடுத்துக்கொண்டது. வாரம் ஒரு வகுப்பு அவர் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாறைப் படங்களைத் திரையில் காட்டிவிட்டுச் சும்மா நிற்பார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாணவர்கள் தாங்களே பேசினார்கள், பேச்சு வாக்குவாதமானது, மணி அடித்த பிறகும் ஓயவில்லை. இப்படி ஒரு ஆசிரியரைப் பார்த்ததே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். கழிமுகத்தில் படகில் போய் வண்டல் அள்ளினார். மலை ஏறினார். தீவு தீவாகச் சுற்றினார். யாரும் அவரிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

பல் மருத்துவமனையில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு, பதில் பேச முடியாதவர்களிடம் பேசுவது கைவந்த கலை. ஃபோனில் அவள் பேசுவாள், ஆமாம் என்றால் அவர் விரலால் ஒரு தட்டு தட்டுவார். விடுப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவள் சொன்னாள்:

"உங்க குரல் இங்கதாங்க இருக்கு. தினமும் வகுப்பெடுக்குதாம். அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போறா. ஒரு நடை வந்து அதைக் கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

அவர் ஒரு தட்டு தட்டினார். அடுத்த நாள் எதிர்த்திசையில் போகும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். ஆராய்ச்சி பாதியில் நிற்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். குரல்தானே, பேசிப் பேசி அதுவாக ஓய்ந்துவிடும். அந்த விரிவுரையாளர் கெட்டிக்காரப் பெண், சமாளித்துக்கொள்வாள். சொல்லிக்கொண்டதில் ஒன்றைக்கூட அவரே நம்பவில்லை. அருவிக்கு முன்னால் மற்றவர்கள் வாய்பிளந்து நிற்க, இவருக்குக் காது மடல் மட்டும் சூடாகும். மனைவி அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

வருடம் முடிந்து திரும்பியபோது ரயில் நிலையத்தில் மனைவி பெட்டியை வாங்கிக்கொண்டே செய்தி சொன்னாள். தேர்வு முடிவுகள் நன்றாக வந்ததால், அந்த வகுப்புக்கு ஆளே தேவையில்லை என்று துறை முடிவு செய்து, அந்த இளம் விரிவுரையாளரை அனுப்பிவிட்டது. இப்போது தொலைவில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியில் இருக்கிறாள். அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லூரிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இருபது வருடமாகப் பேசியவர், அன்றைக்குத்தான் தன் பேச்சைத் தானே கேட்டார். ஒரு மாணவி கையைத் தூக்கினாள். குரலுக்குக் கண் இல்லை, அது பேசிக்கொண்டே போனது. தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் அவள் தலைமுடியைச் சரிசெய்வது போல இறக்கிக்கொண்டாள். கண்ணோடு தானே மேடையில் நின்று பேசிய காலத்திலும் இப்படி எத்தனை கைகள் இறங்கியிருக்கும் என்று நினைத்தபோது, பேராசிரியரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெஞ்சில் யாரோ கீறி வைத்திருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அந்த விரிவுரையாளர் வேலை பார்க்கும் பள்ளிக்குப் போனார். உணவு இடைவேளையில் ஆசிரியர் அறையில் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்தாள், எழுந்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டது போல மறுபடி உட்கார்ந்தாள். அவர் கைகூப்பினார். ஏதோ சைகை காட்டப் பார்த்தார், எதைக் காட்டுவதென்று தெரியவில்லை.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்திருக்கீங்க, தெரியுது சார். குரல் இருந்திருந்தா மன்னிப்பையும் ஒரு மணி நேரம் நீங்களே பேசியிருப்பீங்க. இன்னைக்கு நான் பேசறேன். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். வராந்தாவில் நின்று கத்தித் தொண்டை கட்டியதை அவள் சொன்னாள். வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல் சில நாள் வெறுமனே பையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றியதைச் சொன்னாள். அவர் தட்டிய அந்த ஒரு தட்டை அவர் மனைவி வந்து சொன்னதும், இன்றைக்கு வருவார் நாளைக்கு வருவார் என்று கல்லூரி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததையும் சொன்னாள். அவர் தலையைக் குனியவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. அவளுக்கு இடைஞ்சலாக எதுவும் செய்துவிடக் கூடாது என்பதே அவருக்கு அப்போது இருந்த கவலை. மணி அடித்தது. பரவாயில்லை சார் என்று அவள் சொல்லவில்லை. வகுப்புக்குக் கிளம்பினாள்.

திரும்பி வந்து, வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து பேராசிரியர் தன் குரலுக்கு எதிரே முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அடுத்து என்ன வரும் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது குரலுக்கு எப்படித் தெரிந்ததோ, அது தடுமாறியது. கல் வேடிக்கையைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. பிறகு சொல்வதையே விட்டது. மழைக்காலம் முடிவதற்குள் தாழ்ந்து தாழ்ந்து, பின்பெஞ்சுக்காரர்களுக்குக் கேட்கவில்லை என்று புகார் போகும் அளவுக்கு வந்தது. பிறகு மேடையை விட்டு இறங்கி ஜன்னலோரம் ஒதுங்கி, வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. வேறு வழியில்லாமல் துறைத்தலைவர் அவளுக்கு ஃபோன் செய்தார். நிரந்தர வேலை என்றால் வருகிறேன், தற்காலிகம் என்றால் ஆளை விடுங்கள் என்றாள் அவள். கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

அதற்குப் பின் அவள் அந்த அறையில் பல வருடம் பாடம் நடத்தினாள். பேராசிரியருக்குப் பேச்சு திரும்பவே இல்லை. கல் மாதிரிகள் வைத்திருக்கும் அறையில் சம்பளமில்லாமல் வந்து தூசி தட்டி அடுக்குவார்; வழியில் அவளைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். அவள் தலையசைப்பாள், சில நாள் அதுவும் இருக்காது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஜன்னலோர முணுமுணுப்பைப் பழைய மின்விசிறியின் சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். வகுப்பு அமைதியாக யோசிக்கும். அப்போது அந்த மூலையிலிருந்து ஒரு செருமல் கிளம்பும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கொஞ்சம் இருங்க சார், அவங்க சொல்லட்டும்" என்பாள். அது இருந்துகொள்ளும்.