கில்ப்ரனாக்கில் பால் சொரிந்த பசு

சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ஊர்களுக்கு வலைப்பக்கம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அயர்லாந்தில் கில்ப்ரனாக் என்றொரு சிற்றூர். ஊர் பிறந்த கதையும் அன்றாட வாழ்க்கையும் வேண்டும் என்று ஊர்ச் சங்கத்துச் செயலாளர் நோரா கேட்டிருந்தார். அவர் அனுப்பிய குறிப்பில் ஒரு புனிதர், ஒரு கிணறு, கொஞ்சம் செம்மறி, நிறைய மழை. அவ்வளவுதான்.

எழுதியவள் ரூத். புதியவள், போதகர் மகள். இந்தப் பக்கம் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குறிப்பில் இல்லாத ஒரு வரியும் அவள் எழுதவில்லை.

டீம் லீடர் கிருபாசங்கருக்கு அது பிடிக்கவில்லை. கோபிசெட்டிபாளையத்துக்காரர். உலகத்து ஊர்களெல்லாம் தன் ஊர் மாதிரியே பிறந்தன என்று நம்பும் அறிவாளி.

“ஏனம்மணி, இதெல்லாம் ஒரு ஊர்க் கதையா? பசு பால் சொரிய வேண்டாமா?”

“அண்ணா, அது நம்மூரு கோயிலுக்குங்க. இவரு கிறிஸ்தவப் புனிதருங்க.”

“புனிதருன்னா சும்மா வந்துருவாராக்கும்? நவுரு கண்ணு.”

அவரே உட்கார்ந்து தட்டினார். மேயப் போன பசு புற்றின்மேல் தானாகப் பால் சொரிந்தது. மேய்ப்பன் கடப்பாரையால் குத்தினான். ரத்தம் பீறிட்டது. உள்ளே புனிதர். அதோடு விடவில்லை. கில்ப்ரனாக் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசினார்கள். பொள்ளாச்சிச் சந்தையைத் தூக்கி மழையில் வைத்துவிட்டார்.

“அங்க கரையான் புத்தே கெடையாதுங்கண்ணா.”

“நீ போய்ப் பாத்தியா?”

எழுதியவர் பெயரில் மட்டும் ரூத் என்று அடித்து அனுப்பினார். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

மறுநாள் மாலை நோரா அழைத்தார். “எழுதுன பொண்ணு இவதானுங்க” என்று ஆங்கிலத்தில் குழைந்துவிட்டுக் கிருபாசங்கர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

சங்கத்தில் பாதிப்பேர் படித்து அழுதார்களாம். பக்கத்து ஊருக்கு இப்படியொரு கதை கிடையாதாம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து செத்த கூட்டம், சொந்த ஊரின் பிறப்பைச் சரவணம்பட்டியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டது.

“ஒரே கேள்வி. இதை எங்கே கண்டுபிடித்தாய்?”

ரூத் கிருபாசங்கரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

“பழைய சர்ச் பதிவு ஒன்றில், மேடம்.”

குரல் நடுங்கக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானது. லட்டு கொண்டுவந்தாள். கிருபாசங்கர் இரண்டு எடுத்தார்.

“கதைன்னா இப்படி இருக்கோணும், பாத்தியா?”

“ஆமாங்கண்ணா.”

நானும் ஒன்று எடுத்தேன். நெய் இல்லை, டால்டா.